மாயச் சுவரை யார் தட்டிப் பார்ப்பது?

பகடை மேசை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், எங்கள் சுங்கை சிப்புட் ஞாயிற்றுக்கிழமை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் ஒரு மந்திரவாதி பொய்ப் பாறை ஒன்றைத் தோற்றுவித்துக் குகை வாயை மறைத்ததையும், துரத்தி வந்த ஓகர்கள் என்னும் ராட்சதர்கள் அதைத் தாண்டி ஓடிவிட்டதையும் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலர் "அதெப்படி விட்டீர்கள்?" என்கிறார்கள். மற்றவர்கள் "எங்கள் மேசையில் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?" என்கிறார்கள். ஆகவே இந்த முறை மாயத்தோற்றம் மட்டும்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் வந்த விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார், அவர்தான் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். முடிவு தெரியாத இடத்தில் இருபது முகப் பகடை உருளும். நான் வேறு பதிப்பு என்று சொல்லாத இடங்களில் எல்லாம் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளைத்தான் சொல்கிறேன். கடையைச் சாத்திய பிறகு ஜெராக்ஸ் மெஷினை ஓரம் தள்ளிவிட்டு நாங்கள் ஆடுவது அதுதான்.

*

அக்கா, நான் ஆடுவது இல்யூஷனிஸ்ட் பாத்திரம், அதாவது மாயத்தோற்றம் காட்டும் மந்திரவாதி. 'சைலண்ட் இமேஜ்' என்ற ஸ்பெல் (மந்திரம்) போட்டு ஒரு கல்சுவரை எழுப்பினால், டன்ஜன் மாஸ்டர் உடனே எதிரே நிற்கும் எட்டுக் கோப்ளின்களுக்கும் (குட்டிப் பூதங்கள்) பகடை உருட்டுகிறார். இரண்டு மூன்றாவது ஜெயித்து "அது பொய்" என்று கத்திவிடுகின்றன. ஸ்பெல் போச்சு. நெருப்புப் பந்து எறிகிறவனுக்கு இந்தத் தொல்லை இல்லையே?
– கல்லூரி மாணவர், பாகான் செராய்

தம்பி, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நீங்கள் முதல் நிலை மந்திரவாதி, பாத்திரத்தின் அறிவு மதிப்பெண் 16 என்று வைத்துக்கொண்டால், உங்கள் தோற்றத்தைக் கண்டுபிடிக்க இருபது முகப் பகடையில் எட்ட வேண்டிய எண் 13. கோப்ளினுக்கு அறிவு 10, கூட்டவும் கழிக்கவும் ஒன்றும் கிடையாது. ஆக ஒரு கோப்ளின் ஜெயிக்க நூற்றுக்கு 40 வாய்ப்பு. எட்டுக்கும் உருட்டினால், அதில் ஒன்றாவது ஜெயிக்க நூற்றுக்கு 98 வாய்ப்பு! பகடையைக் கையில் எடுத்தபோதே உங்கள் சுவர் விழுந்துவிட்டது.

விதி அப்படிச் சொல்லவே இல்லை. சுவரைத் தொட்டால் கை உள்ளே போகும், பொய் என்று தெரிந்துவிடும், அதற்குப் பகடையே வேண்டாம். தொடாமல் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், அந்தக் கோப்ளின் தன் முறையை அதற்காகச் செலவழிக்க வேண்டும். அம்பு விடாமல், வெட்டாமல், நின்று அந்தச் சுவரை ஆராய வேண்டும். அப்போதுதான் உருட்டல். கண்ணில் பட்டதற்கெல்லாம் உருட்டல் கிடையாது. ஒரு சுற்று என்பது ஆறு விநாடி. சண்டை நடக்கும்போது ஆறு விநாடியைச் சுவரை ஆராயச் செலவழிக்க ஒரு கோப்ளினுக்கு நல்ல காரணம் இருக்க வேண்டும்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நெரைக்குள் (மர வரிசைக்குள்) போய்விடுவார்கள், குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். ஒருநாள் நெரையின் கோடியில் வெள்ளையாக ஓர் ஆள் அசையாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறார். அருகே போகவில்லை, கல்லெறியவில்லை. முனியாண்டியைக் கும்பிட்டுவிட்டு அடுத்த நெரைக்குப் போய் அங்கிருந்து சீவ ஆரம்பித்துவிட்டார். விடிந்த பிறகு வந்து பார்த்தால், பட்டுப்போன மரத்தில் யாரோ மாட்டிவைத்த உரச்சாக்கு. அம்மா அதைப் பேய் என்று நம்பினாரா? "நம்பினேன்னு சொல்ல முடியாது, ஆனா அந்தப் பக்கம் போகலை" என்பார். அன்றைக்கு அவருக்குச் சீவி முடிக்க மரங்கள் இருந்தன. மெய்யா பொய்யா என்று ஆராய்வது அவர் வேலை இல்லை.

மாயத்தோற்றம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட எனக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டதில்லை. டன்ஜன் மாஸ்டர் கேட்க வேண்டிய கேள்வி, "கோப்ளின் நம்புகிறதா?" என்பதல்ல. "இதைப் பார்த்ததும் இந்தக் கோப்ளின் என்ன செய்யும்?" என்பது. அதற்குப் பதில் பகடையில் இல்லை, கோப்ளினிடம் இருக்கிறது. அதற்கு என்ன தெரியும், என்ன வேண்டும், எதற்குப் பயம்? அந்தக் குகையிலேயே பிறந்து வளர்ந்த கோப்ளின், நேற்று இல்லாத சுவரைப் பார்த்தால் சந்தேகப்படத்தான் செய்யும். சரி, சந்தேகப்படட்டும். ஆனால் சந்தேகம் வேறு, தெரிந்துகொள்வது வேறு. அந்த உலகில் நிஜமான கல்சுவரையே எழுப்பிவிடும் மந்திரமும் உண்டு. திடீரென்று முளைத்த சுவர் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லிவிட முடியாது. ஊருக்குப் புதிதாக வந்த ஓகருக்கோ அதுகூடத் தோன்றாது. ஓகரின் அறிவு 5, பகடையில் மூன்று கழிய வேண்டும். நின்று ஆராய்ந்தாலும் நாலில் ஒரு முறைதான் ஜெயிக்கும். எங்கள் குகை வாய்ப் பாறையைத் தாண்டி அவர்கள் ஓடியதற்கு இதுதான் காரணம், நான் சலுகை ஒன்றும் காட்டவில்லை.

நெருப்புப் பந்தோடு ஒப்பிட்டீர்கள். அதற்கு உங்கள் பாத்திரம் ஐந்தாம் நிலையை எட்டும் வரை காத்திருக்க வேண்டும். உங்களுடையது முதல் நிலையிலேயே கிடைப்பது, 15 அடிக் கனசதுரம், கவனம் சிதறாமல் இருந்தால் பத்து நிமிடம் நிற்கும். எட்டுக் கோப்ளின்கள் இரண்டு சுற்றுக்குச் சுவரைச் சுற்றி வழி தேடினால் அதுவே பெரிய வெற்றி. உங்கள் டன்ஜன் மாஸ்டரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், ஆட்டத்துக்கு நடுவில் வேண்டாம், முன்பே காட்டுங்கள்.

*

எனக்கு நேர்மாறான பிரச்சினை. ஒரு விளையாட்டாளர் 'மைனர் இல்யூஷன்' கற்ற நாளிலிருந்து டிராகன், தீப்பந்தம், பாலம் என்று எல்லாவற்றுக்கும் அதையே போடுகிறார். இலவச ஸ்பெல், எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். மற்றவர்களுக்கு வேலையே இல்லை. தடை போடலாமா?
– டன்ஜன் மாஸ்டர், கோலகங்சார்

தடை வேண்டாம். ஸ்பெல்லின் விதியை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டாலே பாதி தீர்ந்துவிடும். அதில் ஓர் ஒலியை உண்டாக்கலாம், இல்லையென்றால் ஒரு பொருளின் உருவத்தை. இரண்டையும் ஒருசேர முடியாது, அதற்கு இல்யூஷனிஸ்ட்டாகத் தேர்ச்சி பெற வேண்டும். உருவம் 5 அடிக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும், ஒரு நிமிடம்தான் நிற்கும். பொருள் என்றுதான் சொல்லியிருக்கிறது, உயிர் என்று இல்லை. ஆக டிராகன் வராது, டிராகன் பொம்மை வரும். உருவத்துக்கு வெளிச்சமும் வாசனையும் கிடையாது. இருட்டறையில் மாயத் தீப்பந்தம் எதையும் காட்டாது. பாலத்தில் கால் வைத்தவர் விழுவார்.

மீதிப் பாதி உங்கள் கையில். எதிரிகள் எல்லோரும் ஒரே மாதிரி ஏமாறினால், அந்த விளையாட்டாளர் ஒரே மாதிரிதான் ஏமாற்றுவார். நடைபாதையில் திடீரென்று ஒரு பெட்டி இருந்தால் பேராசைக்காரக் காவலாளி அதன் மேல் கை வைப்பான், அத்தோடு வித்தை முடிந்தது. சோம்பேறிக் காவலாளி "நம்ம வேலை இல்லை" என்று போய்விடுவான். பயந்தவன் போய் நாலு பேரைக் கூட்டிவருவான். எந்தக் காவலாளி எப்படிப்பட்டவன் என்பதை விளையாட்டாளர் முன்கூட்டியே விசாரிக்க வேண்டிவரும். அங்கேதான் மற்றவர்களுக்கு வேலை வருகிறது. திருடன் ஒட்டுக்கேட்பான், பாடகன் பேச்சுக் கொடுப்பான். எங்கள் கூட்டத்தில் செம்பனைக் குலை லாரி ஓட்டும் ஒரு தம்பி இருக்கிறார். ஆளைப் படித்துவிட்டுத்தான் ஸ்பெல் போடுவார். அவர் தோற்றம் உண்டாக்கும்போது மேசையே அமைதியாகிவிடும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். யோசித்துச் செய்த வித்தை ஒன்றை, உங்கள் கதைத் திட்டம் கெடுகிறதே என்பதற்காகத் தோற்கடிக்காதீர்கள். அப்படி ஒருமுறை செய்தால் போதும், அந்த மேசையில் அப்புறம் யாரும் யோசிக்கமாட்டார்கள். எல்லோரும் வாளைத்தான் எடுப்பார்கள்.

*

மாயத்தீ சுடுமா, சுடாதா?
– படிவம் நான்கு மாணவி, சுங்கை பட்டாணி

பதிப்பைப் பொறுத்தது, தங்கச்சி. 1974-இன் முதல் விதிகளில் நம்பினால் சுடும், காயமும் நிஜம். ஐந்தாம் பதிப்பில் பெரும்பாலான தோற்றங்கள் சுடாது. 'ஃபேண்டஸ்மல் ஃபோர்ஸ்' ஒரு விலக்கு. அது ஒரே ஒருவரின் மனதுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், சுற்றுக்கு ஆறு முகப் பகடை ஒன்று காட்டுகிற அளவு வலிக்கும். அதில் எனக்குப் பிடித்தது, மாட்டிக்கொண்டவரே சமாதானம் கண்டுபிடித்துக்கொள்வார் என்கிற விதி. இல்லாத பாலத்தில் நடந்து விழுந்தாலும் "யாரோ தள்ளிவிட்டார்கள்" என்பார்.

*

ஒருவர் பொய் என்று கண்டுபிடித்துவிட்டால், கூட இருப்பவர்களுக்கும் அது தெரிந்ததாக ஆகுமா?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியர், லூனாஸ்

ஐயா, நீங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் கதையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. பொன்மானைப் பார்த்ததும் இலக்குவன் மட்டும் இது அரக்கர் மாயம் என்கிறான். சொல்லியும் விடுகிறான். சீதை ஏற்றாளா? இராமன் நின்றானா? அப்புறம் மாரீசன் சாகும்போது இராமன் குரலில் அலறுகிறான். அது இராமன் குரல் அல்ல என்பதும் இலக்குவனுக்குத் தெரியும். தெரிந்தும் போக வேண்டியதாகிவிட்டது, ஏனென்றால் சீதை நம்பிவிட்டாள், அவள் சொன்ன சொல்லைத் தாங்க முடியவில்லை. ஏமாறாதவனையும் சேர்த்து இழுத்துப்போட்ட மாயம் அது. இரண்டே தோற்றங்கள்: ஓர் உருவம், ஓர் ஒலி. பர்ணசாலை காலியாகிவிட்டது.

விதிக்கு வருவோம். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் தெளிவாக எழுதியிருந்தது. கண்டுபிடித்தவர் மற்றவர்களிடம் சொன்னால், அவர்கள் உருட்டும்போது 4 கூட்டிக்கொள்ளலாம். தானாகத் தெரிந்துவிடாது. ஐந்தாம் பதிப்பில் இந்த வரி இல்லை, எங்கள் மேசையில் நான் வேறு வழியில் வைத்திருக்கிறேன். சொல்கிறவர் யார் என்று பார்ப்பேன். தலைவன் சொன்னால் மற்ற கோப்ளின்கள் நேரே சுவருக்குள் பாயும். எல்லோரும் ஏளனம் செய்கிற சின்னக் கோப்ளின் சொன்னால் யாரும் காதில் வாங்காது. அதன் கையைப் பிடித்து ஒரு கோப்ளின் இழுத்துவிடுவதைக் கூட ஒருமுறை நடத்திக்காட்டினேன். செவிலியராக வேலை செய்யும் எங்கள் விளையாட்டாளர் அந்தச் சின்னதைப் பார்த்துப் பாவப்பட்டு, கடைசியில் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார். இன்றைக்கும் அது எங்கள் கதையில் இருக்கிறது.

*

எங்கள் நீண்ட கதை முடியப்போகிறது. கடைசி நாளில், இதுவரை நடந்தது எல்லாமே ஒரு பெரிய மந்திரவாதி காட்டிய தோற்றம் என்று திருப்பம் வைக்கலாமா? அதிர்ந்துபோவார்கள்.
– டன்ஜன் மாஸ்டர், சிகாமட்

வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம்.

அவர்கள் காப்பாற்றிய ஊர், செத்துப்போன நண்பன், வாக்குக் கொடுத்துப் போகாமல் விட்ட பாதை எல்லாம் அவர்கள் எடுத்த முடிவுகள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்காமல் வந்து உட்கார்ந்ததற்குக் கிடைத்தது அதுதான். அதைப் பொய் என்று அழிக்க டன்ஜன் மாஸ்டருக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். ஓர் அறை தோற்றமாக இருக்கலாம், ஒரு ராஜா தோற்றமாக இருக்கலாம், ஓர் இரவு முழுவதும் கூட இருக்கலாம். அதற்குள் அவர்கள் செய்த காரியம் நிஜமாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மயன் கட்டிய சபைக்குத் துரியோதனன் போன கதையை நினைத்துப் பாருங்கள். பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று எண்ணி ஆடையைத் தூக்கிக்கொண்டான். அடுத்து நிஜமான தண்ணீரைத் தரை என்று எண்ணி விழுந்தான். பளிங்குக் கதவில் முட்டிக்கொண்டான். அதன் பிறகு, திறந்தே இருந்த வாசலையும் மூடியிருப்பதாக எண்ணித் திரும்பிவிட்டான். ஒரு மாயம் அவனைப் பிடித்தது, பிறகு மெய்யும் அவனைப் பிடித்துக்கொண்டது. உங்கள் திருப்பத்துக்குப் பிறகு அடுத்த கதையைத் தொடங்கும்போது விளையாட்டாளர்களும் அப்படித்தான் இருப்பார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தால் கூடப் பகடை உருட்டுவார்கள்.

அந்தச் சபைக் கதையை எதிரிகளிடம் பயன்படுத்துங்கள். ஒருமுறை பொய்ச்சுவரில் ஏமாந்த காவலர்கள், அடுத்த முறை நிஜச்சுவரில் தலையை மோதட்டும்.

*

அக்கா, நானும் சுங்கை சிப்புட்தான். கோட்டை, பனிமலை எல்லாம் எங்கள் பையன்களுக்கு ஒட்டவில்லை. நம் தோட்டத்தையே களமாக வைத்து மாயத்தோற்றம் நடத்த முடியுமா?
– இளைஞர், சுங்கை சிப்புட்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. முடியும் தம்பி, தாராளமாக முடியும். ரப்பர் தோட்டத்தைவிட மாயத்துக்கு ஏற்ற இடம் எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே உயரம், ஒரே இடைவெளி, ஒரே நெரை. 'ஹாலுசினேட்டரி டெரைன்' என்று நாலாம் நிலை ஸ்பெல் ஒன்று உண்டு. பத்து நிமிடம் ஓத வேண்டும், 150 அடிக் கனசதுரத்தை 24 மணிநேரம் வேறு நிலமாகக் காட்டும். வீடு, கோயில் போன்ற கட்டடங்களை மாற்றாது. லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போகும் மண்பாதையை அது நெரையாகக் காட்டிவிட்டால், பிரட்டுக்கு (காலைப் பெயர்ப்பதிவுக்கு) கிளம்பியவன் வந்துசேரவே மாட்டான். ஆனால் எல்லையில் இருக்கும் முனியாண்டி கோயில் அப்படியே நிற்கும். வழி தெரியாதவர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வர முடியும். ஸ்பெல்லின் விதியும் தோட்டத்து நம்பிக்கையும் இவ்வளவு அழகாகப் பொருந்துகிற இடம் வேறு எங்கே கிடைக்கும்?

தடயங்களில்தான் உழைக்க வேண்டும். நான்கு தேவர்களும் நளன் உருவில் வந்து உட்கார்ந்தபோது, தமயந்தி இமைக்கிற கண்ணையும் தரையில் படிகிற காலையும் வாடுகிற மாலையையும் பார்த்துத்தான் தன் நளனைக் கண்டுகொண்டாள். அந்தத் தடயங்கள் மண்டபத்தில் எல்லோர் கண் முன்னாலும் இருந்தன. நீங்களும் அப்படி வையுங்கள். பையன்கள் கேட்காமலேயே, வர்ணனைக்குள் சொல்லிவிடுங்கள். ரப்பர் ஸ்டோர் ஒன்று கண்ணில் படுகிறது, உள்ளே பால் பாத்திரங்கள், உருளைகள், எல்லாம் சரி, ஆனால் கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) நாற்றம் இல்லை. 'சைலண்ட் இமேஜ்'க்கு மணம் கிடையாது! மூன்றாம் நிலை 'மேஜர் இமேஜ்' என்றால் மணம், ஒலி, சூடு எல்லாம் வரும், அப்போது வேறு தடயம் தேட வேண்டும். ரப்பர் காய் வெயிலில் காய்ந்துதான் படாரென்று வெடிக்கும். மழை பெய்யும் நடுராத்திரியில் அந்தச் சத்தம் கேட்டால் அது யாரோ உண்டாக்கிய ஒலி. பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும்போது ஒரே ஒரு நெரை மட்டும் பச்சையாக இருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது.

உங்கள் பையன்கள் செம்பனைக்கு நடுவில் வளர்ந்தவர்களாக இருப்பார்கள், இதெல்லாம் தெரிந்திருக்காது. ஆட்டத்துக்கு முந்தின வாரம் அவரவர் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். பகடையில் பெறாத தடயத்தை ஒரு பையன் பாட்டியிடம் கேட்டதை வைத்துக் கண்டுபிடித்தால், உருட்டல் வேண்டாம், அப்படியே கொடுத்துவிடுங்கள். ஊருக்கு வெளியே நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளையும் விட்டுவிடாதீர்கள், எங்கள் ஓகர்கள் ஏமாந்த குகை அங்கேதான். கடைக்கு ஒருநாள் வாருங்கள், வரைபடம் காட்டுகிறேன்.

*

எதிரி 'மிரர் இமேஜ்' போட்டு நாலு பேராகத் தெரிகிறான். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாமா?
– லாரி பட்டறை ஊழியர், ரவாங்

அடிக்கலாம். பார்க்க முடியாதவரை அந்த ஸ்பெல் பாதிக்காது என்று விதியே சொல்கிறது. ஆனால் பார்க்காமல் அடிக்க இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். சாதாரணமாகப் பாதிக்குப் பாதி அடி விழும் எதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பிம்பங்களும் இருக்கும்போது கண்ணைத் திறந்து அடித்தால் நிஜ ஆள் மேல் படுவது எட்டில் ஒன்று, மூடி அடித்தால் நாலில் ஒன்று. அப்போது மூடுவதே லாபம். ஒரே ஒரு பிம்பம் மிஞ்சும்போது இரண்டும் சமமாகிவிடும், திறந்து அடித்தால் அந்தப் பிம்பத்தையாவது உடைக்கலாம். ஒன்று கவனியுங்கள்: மூடிய கண்ணோடு நிற்பவரை அடிப்பது எல்லோருக்கும் சுலபம். அடித்துவிட்டு உடனே திறந்துகொள்ள எங்கள் மேசையில் விடுவதில்லை, உங்கள் அடுத்த முறை வரை மூடியபடிதான். பக்கத்தில் அவனுடைய ஆட்கள் இருந்தால் செய்யாதீர்கள்.